நீட்டி மடக்கும் கோஷ்டி

தன் கணவரைக் கம்ப்யூட்டர் சைக்கிள் கோஷ்டியில் போடாமல், கை காலை நீட்டி மடக்கும் கோஷ்டியில் போட்டுவிட்டது என்று தெரிந்ததும் மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கம்ப்யூட்டரை யாருங்க ஓட்டறது?" என்பதுதான்.

டாக்டரம்மா பொறுமைசாலி. "யாரும் ஓட்டலம்மா. அதுவா குலுக்கிப் போடும். யார் எந்தப் பக்கம் போவாங்கன்னு எங்களுக்கே முன்னாடி தெரியாது."

"அப்ப இன்னொரு தடவை குலுக்கச் சொல்லுங்க."

"அப்படிப் பண்ண முடியாதும்மா."

"ஏன் முடியாது? ஒரு தடவை குலுக்கின கை இன்னொரு தடவை குலுக்காதா?"

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவர் இதில் தலையிடவில்லை. டாக்டரம்மாவின் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் மூளையைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மெல்லச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் காலமெல்லாம் அப்படித்தான் பார்த்தவர். பின்னால் வெள்ளை விளக்கு எரியும். முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகரும். குமிழ் இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டியதைத் தள்ள வேண்டும். ஊரில் அவருக்குச் செக்கர் என்றே பெயர். வீட்டிலும் அதுதான்.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்தத் தொழிலில் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் மாஸ்டர்தான். பயந்தாங்கொள்ளிகளையும் அவசரக்குடுக்கைகளையும் ஒரே காரில் உட்காரவைத்து, வலது காலைத் தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டியவள். எதிர்ப்படுவது எதுவானாலும் இரண்டு நொடி முன்பே கண்ணில் பட்டுவிட வேண்டும் அவளுக்கு. தன் வீட்டில் நடந்தது மட்டும் ரொம்ப தாமதமாகப் பட்டது.

அவருடைய மறதியை முதலில் தொழிற்சாலையில்தான் கண்டுபிடித்தார்கள். விரிசல் விட்ட பாட்டில்கள் ஒரு தட்டு முழுக்க அவரைத் தாண்டிப் போயிருந்தன. "பாத்தேன், எடுக்கணும்னு நெனச்சேன், அதுக்குள்ள எதுக்குப் பாத்தேன்னு மறந்துபோச்சு," என்று மேனேஜரிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு வீட்டிலும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சொன்ன சேதியையே மறுபடி சொல்வது. குழாயைத் திறந்துவிட்டு மாடிக்குப் போவது. பழகிய தெருவில் நின்று, இடமா வலமா என்று யோசிப்பது. ஆனால் முகம் மழிப்பார், டீ போடுவார், கிண்டல் பேசுவார், பேத்தியோடு போனில் கதை அளப்பார். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு, "அவருக்கு என்னங்க, நல்லாத்தானே இருக்கார்," என்றுதான் தோன்றும். அந்த வார்த்தையைக் கேட்டாலே மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டரம்மா படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். இது லேசான கட்டம்தான். முற்றலாம், இப்படியே நிற்கலாம். நினைவைச் சேர்த்துவைக்கிற ஒரு சின்னப் பகுதி மூளைக்குள் இருக்கிறது. அது சுருங்கலாம். நெஞ்சு படபடக்க, மூச்சு வாங்க, வியர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி செய்தால் மூளைக்கு ரத்த ஓட்டம் கூடலாம், சுருங்குவது குறையலாம்.

"எல்லாமே 'லாம்'தானா டாக்டர்?" என்றாள் மாஸ்டர்.

"இப்போதைக்கு 'லாம்'தான்மா. அது நிஜமான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சியே நடத்தறோம்."

அந்த ஆராய்ச்சியில் சேர்க்க அவள் தலைகீழாக நின்றாள். பரிசோதனை, ரத்தம், கேள்விகள், மறுபடி கேள்விகள். செக்கரைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலைந்தாள். பாதிப்பேர் சைக்கிள் மிதித்து வியர்க்க வேண்டும்; பாதிப்பேர் நிதானமாக உடம்பை நீட்டி மடக்கி வர வேண்டும்; கடைசியில் இரண்டு கோஷ்டியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதையெல்லாம் முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் சைக்கிள் இல்லாத பக்கம் தன் கணவர் போவார் என்று மாஸ்டர் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. யார்தான் நினைப்பார்கள்?

"ஆக, நிஜ மருந்து அவங்களுக்கு, எங்களுக்கு வெறும் தண்ணி," என்றாள் எழுந்துகொண்டே.

"தண்ணின்னு யாரும் சொல்லலம்மா. நீட்டி மடக்கறதுலயும் பலன் இருக்கலாம்."

"பாத்தீங்களா, மறுபடியும் 'லாம்'!"

செக்கர் பிளாஸ்டிக் மூளையை மேசைமேல் வைத்தார். "இது நல்ல பீஸ் டாக்டர். விரிசல் இல்ல," என்றார்.

*

மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு நீளமான கூடம். மரத்தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் சுருட்டிவைத்த பாய்கள். செவ்வாயும் வியாழனும் சனியும் காலையில் நீட்டி மடக்கும் கோஷ்டி. மற்ற நாட்களில் அடுத்த அறையில் சைக்கிள் கோஷ்டி. ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே நாளைப் பிரித்திருந்தார்கள்.

கூட வருபவர்கள் வெளியே வராந்தாவில்தான் உட்கார வேண்டும். மாஸ்டர் கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பயிற்சிப் பெண் இரண்டு கையையும் மேலே தூக்கச் சொன்னாள். எல்லாரும் தூக்கினார்கள். இறக்கச் சொன்னாள். இறக்கினார்கள். கழுத்தை அந்தப் பக்கம், இந்தப் பக்கம். ஒருத்தர் முகத்திலும் ஒரு சொட்டு வியர்வை கிடையாது. இதற்கா அதிகாலையில் எழுந்து, வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு, நெரிசலில் கார் ஓட்டிக்கொண்டு வந்தோம் என்று அவளுக்குப் பொருமிக்கொண்டு வந்தது.

செக்கருக்கோ அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. அதற்குக் காரணம் பேங்க்காரர். ஏதோ ஒரு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், செக்கரைவிட ஒரு பிடி உயரம், வாய் ஓயாதவர். ஒற்றைக்காலில் நிற்கும்போது செக்கர் தோளைப் பிடித்துக்கொள்வார். அவரிடம் ஒரே ஒரு ஜோக் இருந்தது. லாக்கர் சாவியை லாக்கருக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாமியாரைப் பற்றியது. ஒவ்வொரு வகுப்பிலும் அதைச் சொல்வார். சொன்னது அவருக்கு மறந்துபோகும். கேட்டது செக்கருக்கு மறந்துபோகும். ஒவ்வொரு தடவையும் இருவரும் புதிதாகக் கேட்டதுபோல விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியே வராந்தா வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்கும்.

தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு செக்கர் அப்படிச் சிரித்து மாஸ்டர் பார்த்ததில்லை. பார்த்து சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. சிரித்தால் மூளை வளருமா?

ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ ரிப்போர்ட் வாங்கப் போனபோது சைக்கிள் கோஷ்டி வெளியே வருவதைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டி, கழுத்தில் துண்டோடு ஒவ்வொருவராக வந்தார்கள். செக்கரைவிட வயதான ஒரு அம்மா, மூச்சு இரைக்க இரைக்க, "இன்னிக்கு சைக்கிள்ல மேடு ஏற வெச்சுட்டாங்கடீ!" என்று தன் மகளிடம் பெருமையடித்துக்கொண்டு போனார். மாஸ்டர் அந்த அம்மாவின் ஈர முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பசித்தவள் அடுத்தவர் தட்டைப் பார்ப்பது மாதிரி இருந்தது அது.

அடுத்த வாரமே, மூடிவிட்ட ஒரு உடற்பயிற்சி நிலையத்திலிருந்து நின்ற இடத்திலேயே மிதிக்கும் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து முன்னறையில் ஜன்னல் ஓரமாகப் போட்டாள்.

*

"இது எதுக்கு?" என்றார் செக்கர்.

"மிதிக்கத்தான். ஏறுங்க."

"நான் அந்தக் கோஷ்டி இல்லயே."

சாமான்கள் எங்கே இருக்கின்றன என்பது மறக்கும்; நேற்று யார் வந்தார்கள் என்பது மறக்கும். தான் எந்தக் கோஷ்டி என்பது மட்டும் அவருக்கு எப்படியோ மறக்கவில்லை.

"வீட்டுல மிதிச்சா யாருக்குத் தெரியப்போகுது?"

"தெரியறதுக்கு என்ன இருக்கு? கணக்குக் கெட்டுப்போகும்ல." அவர் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். பழைய வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் பேச்சில் தடங்கல் இருக்காது. "ஒவ்வொரு லாட்லயும், அதான் ஒரு தடவைல வர்ற மொத்தச் சரக்குல, கொஞ்சம் பாட்டில தனியா எடுத்து வெப்போம். மத்தத சூடு பண்ணிப் பாப்போம், குளிர வெச்சுப் பாப்போம். இத ஒண்ணும் பண்ண மாட்டோம். கடைசில ரெண்டையும் பக்கத்துல வெச்சாத்தான் சூடு என்ன பண்ணுச்சுன்னு தெரியும். எவனாவது வந்து தனியா வெச்சதையும் சூடு பண்ணிட்டான்னா, அப்புறம் எதப் பாத்து எதச் சொல்றது? மொத்த லாட்டும் வேஸ்ட்."

"நீங்க பாட்டில் இல்ல. என் புருஷன்."

"அது சரி."

"ஒண்ணும் பண்ணாம உங்கள அலமாரில எடுத்து வெக்கறதுக்கு நான் ஆள் இல்ல. ஏறுங்க!"

அவர் ஏறவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. அவள் கெஞ்சினாள், கத்தினாள், பேசாமல் இருந்து பார்த்தாள். மகளுக்கு போன் செய்து அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். மகள், "அம்மா, அவர் சந்தோஷமா ஒரு இடத்துக்குப் போய்ட்டு வரார். விட்டுடேன்," என்றாள். அவ்வளவு தூரத்தில் இருப்பவளுக்கு விட்டுவிடுவது சுலபம் என்று நினைத்துக்கொண்டு மாஸ்டர் போனை வைத்தாள்.

அந்தப் பொய் அவள் யோசித்துச் சொன்னது அல்ல. ஒரு நாள் காலை, பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே, அலுப்பில் வாயில் வந்துவிட்டது.

"நேத்து சரின்னு சொன்னீங்களே, இன்னிக்கு என்ன மறுபடி?"

செக்கர் திரும்பிப் பார்த்தார். "சொன்னேனா?"

ஒரு நொடி இருந்தது. பிரேக்கில் கால் வைக்கப் போதுமான நொடி. அவள் வைக்கவில்லை.

"சொன்னீங்க. டாக்டரம்மாவக் கேட்டோம், அவங்களும் மிதிக்கலாம்னுட்டாங்க. நீங்கதான் சரின்னீங்க."

"ஓ," என்றார் அவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, வாக்குக் கொடுத்துவிட்ட மனிதரைப் போலப் போய் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

அதன் பிறகு தினமும் அதே கதைதான். தினமும் அவர், "நான் அந்தக் கோஷ்டி இல்லயே," என்பார். தினமும் அவள், "நேத்துதானே சரின்னீங்க," என்பாள். தினமும் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஏறுவார். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவனை விரட்டுவதுபோல விரட்டினாள். "கால் நிக்கக் கூடாது. எங்க பாக்கறீங்க? நேராப் பாருங்க. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்." அவர் சட்டை முதுகோடு ஒட்டியது. முகம் சிவந்தது. அந்த வயதான அம்மாவைப் போலவே ஆனார். ஆனால் பெருமையடித்துக்கொள்ளவில்லை. இறங்கியதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அது போகப் போகச் சரியாகிவிடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய்தான், ஆனால் யாருக்காக? தனக்காகவா?

*

இடைப்பட்ட பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "வகுப்பைத் தவிர, வீட்டுல ஏதாவது உடற்பயிற்சி பண்றீங்களா சார்?"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் செக்கர், "பண்றேனே. நீங்க சொன்ன மாதிரி சைக்கிள் மிதிக்கறேன்," என்றார்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "நான் சொன்னேனா?"

"நீங்க சரின்னீங்கன்னு..." செக்கர் மனைவியைப் பார்த்தார்.

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தாள். அறையில் மூன்று பேருக்கும் விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. மறதி உள்ளவருக்கும்கூட.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை. "நடந்தத நடந்த மாதிரியே எழுதிக்கறோம். அவர ஆராய்ச்சில இருந்து எடுக்க மாட்டோம். வகுப்புக்கு எப்பவும் போல வரட்டும். ஆனா இனிமே எது பண்ணினாலும் எங்ககிட்ட சொல்லிடுங்கம்மா, போதும்," என்றார்.

செக்கர் முன்னால் நடந்து போய்க் காரில் ஏறினார். கதவைச் சாத்தியதும் கேட்டார்.

"நான் சரின்னு சொல்லவே இல்லயா?"

மாஸ்டர் சாவியைப் போட்டாள்.

"ஒரு நாள்கூட?"

"உங்க நல்லதுக்குத்தான்..."

"எனக்கு ஞாபகம் இருக்காதுன்னுதானே சொன்ன?" அவர் குரல் உயரவில்லை. "இனிமே நீ எது சொன்னாலும் நான் எதவெச்சுச் சரிபாக்கறது? எனக்கு ஞாபகம்னு ஒண்ணு இருந்ததே நீதான்."

வண்டியை எடுத்தாள். கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தது. புதிதாகக் கற்பவர்கள்தான் அப்படிப் போடுவார்கள்.

*

செக்கர் சைக்கிளைத் தொடவில்லை. அது எதிர்பார்த்ததுதான். வகுப்புக்கும் போக மாட்டேன் என்றுவிட்டார். அதை மாஸ்டர் எதிர்பார்க்கவில்லை.

"அவங்க வரச் சொன்னாங்க. எடுக்க மாட்டோம்னாங்க," என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள்.

"கெட்டுப்போனத லாட்டுல வெக்கக் கூடாது," என்பார் அவர்.

நாளாக ஆக, சண்டை எதற்காக வந்தது என்பது அவருக்குக் கரைந்துபோனது. ஆனால் கோபம் கரையவில்லை. ஏதோ ஒரு அவமானம் நடந்தது, அதில் மனைவிக்குப் பங்கு இருக்கிறது என்பது மட்டும் அடியில் தங்கிவிட்டது. அவள் டீ கொடுத்தால் டம்ளருக்குள் உற்றுப் பார்த்துவிட்டுக் குடித்தார். அவள் இன்று செவ்வாய் என்றால் தொலைக்காட்சியில் போய்ச் சரிபார்த்தார். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே, "மாஸ்டர் சொன்னா சரி," என்பவர். வீடு முழுக்க ஒரு புழுக்கம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீட்டலும் இல்லை, மடக்கலும் இல்லை.

மாஸ்டருக்கு வேலையிலும் பொறுமை போய்விட்டது. ஒரு வளைவில் திணறிய பெண்ணிடம், "உனக்கெல்லாம் எதுக்கும்மா கார்?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் அழுதுவிட்டது. தன்னை நினைத்து அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, மருந்து வாங்க என்று சொல்லி அவரைக் காரில் ஏற்றி, நேராக மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். வந்து நின்ற பிறகுதான் உறைத்தது, இதுவும் ஒரு பொய் என்று. வகுப்பு ஆரம்பிக்கும் நேரம். பேங்க்காரர் தூரத்தில் படியேறிக்கொண்டிருந்தார்.

"இறங்குங்க."

"இங்க மருந்துக் கடை எங்க இருக்கு?"

"இறங்குங்கன்னா இறங்குங்களேன்! உள்ள உங்க ஃப்ரெண்டு இருக்கார். ஒரு மணி நேரம் கையத் தூக்கி எறக்கிட்டு வாங்க. அது போதும் எனக்கு. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

"மாட்டேன்."

"எனக்கு மட்டும் இதெல்லாம் ஆசையா? யாருக்காக இப்படி அலையறேன்?"

"நான் அலையச் சொல்லலயே."

அவ்வளவுதான். மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கினாள். சாவி வண்டியிலேயே இருந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தாள். மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு சாலை, தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்கு ஏறுகிறது. எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. நின்றால் அழுதுவிடுவோம் என்று மட்டும் தெரிந்தது. அதனால் வேகமாக நடந்தாள்.

பாதி மேடு ஏறியபோது பின்னால் குரல் கேட்டது.

"ஏய்! நில்லு!"

திரும்பவில்லை.

"நில்லுன்னா! தனியாப் போகாத! வழி தெரியாமப் போயிடும்!"

அவள் நின்றுவிட்டாள். செக்கர் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது. முகம் சிவந்து, மூச்சு இரைத்தது.

"வழி தெரியாமப் போயிடும்னு... எனக்கா சொல்றீங்க?"

"பின்ன? கோவத்துல போனா... எந்தப் பக்கம் வந்தோம்னே... தெரியாது. எனக்குத் தெரியும் அது," என்றார் அவர், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு.

அவள் பிடித்த அவர் மணிக்கட்டில் நாடி தடதடவென்று அடித்தது. இந்தப் படபடப்புக்காகத்தானே இத்தனை நாள் உயிரை விட்டேன் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. இந்த நேரத்திலும் தன் புத்தி அங்கேதான் போகிறது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"நான் உங்ககிட்ட பொய் சொன்னேங்க," என்றாள். "மன்னிச்சிடுங்க."

"என்ன பொய்?"

அவரைப் பார்த்தாள். நிஜமாகவே கேட்கிறார். விஷயம் அவரிடம் இல்லை. அவள் சொல்லாமல் விட்டால் அது இனி உலகத்தில் எங்கேயும் இருக்காது. "ஒண்ணுமில்ல, வாங்க," என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். கோபமும்கூட நாளடைவில் போய்விடலாம்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சைக்கிள், நேற்று சரி என்றது, டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னது, தினமும் சொன்னது. செக்கர் நிமிர்ந்து நின்று கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம், காரில் அன்றைக்கு இருந்த முகமாகவே மாறியது. முதல் தடவை கேட்பவர்போல, முதல் தடவை அடிபட்டவர்போல.

"தினமுமா?"

"தினமும்."

"உன்ன நம்பிதானே நான் இருக்கேன்!" இந்தத் தடவை கத்திவிட்டார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்ற ஒரு காவலாளி எட்டிப் பார்த்தார். செக்கர் சரேலென்று திரும்பி, வந்த வழியே விடுவிடுவென்று இறங்க ஆரம்பித்தார்.

"மெதுவாப் போங்க! விழுந்துடப் போறீங்க!"

"நீ பேசாத!"

அவள் பின்னாலேயே ஓடினாள். அவர் கார் நின்ற இடத்தைத் தாண்டிப் போனார். படியேறினார். வராந்தா, நீளமான கூடம். கதவைத் தள்ளிக்கொண்டு, கை தூக்கிய நிலையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் போய் நின்று பயிற்சிப் பெண்ணிடம் சொன்னார்.

"நான் சைக்கிள் மிதிச்சுட்டேன். வீட்டுல. எனக்குத் தெரியாம மிதிச்சுட்டேன். அத எழுதிக்குங்க."

"எழுதியாச்சு சார்," என்றாள் அந்தப் பெண். "எல்லாம் எழுதி இருக்கு. நீங்க உங்க இடத்துல வந்து நில்லுங்க."

"எழுதியாச்சா?"

"ஆமா சார்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பேங்க்காரர் தூக்கிய கையை இறக்காமலே தன் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "வாங்க, வாங்க. உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க மாமியார் ஒரு நாள் லாக்கர் சாவிய..."

வாசலில் நின்ற மாஸ்டரை, வெளியே உட்காரும்படி பயிற்சிப் பெண் கையைக் காட்டினாள்.

*

ஆராய்ச்சி முடியும் வரை செக்கர் ஒரு வகுப்பையும் விடவில்லை. மாஸ்டரோடு சமாதானம் ஆனாரா என்றால், சில நாள் ஆனார், சில நாள் ஆகவில்லை. "இன்னிக்கு என்ன கெழம?" என்று கேட்டுவிட்டு, அவள் சொன்னதும் தொலைக்காட்சியைப் பார்ப்பது நிற்கவில்லை. அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருக்கப் பழகினாள். பழகியது என்பது பெரிய வார்த்தை. ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருந்தது. முன்னறையில் இருந்த சைக்கிளை, பக்கத்துத் தெருவில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

கடைசிப் பரிசோதனையில் செக்கரின் நினைவாற்றல் மதிப்பெண் ஆரம்பத்தில் இருந்த அளவிலேயே இருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"இறங்காம நிக்கறதே நல்ல சேதிம்மா," என்றார் டாக்டரம்மா.

"எதனால நின்னுச்சு? நீட்டி மடக்கினதாலயா, அந்தக் கொஞ்ச நாள் சைக்கிள் மிதிச்சதாலயா, இல்ல சும்மாவே நின்னுச்சா?"

"ஒருத்தர மட்டும் வெச்சு அதச் சொல்ல முடியாதும்மா. எல்லாரோடதையும் சேத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுக்கு இன்னும் நாள் ஆகும். அப்பவும் உங்க வீட்டுக்காரருக்கு எதனாலன்னு தனியாச் சொல்ல முடியுமான்னா..."

"முடியாது."

"முடியாது."

இத்தனை அலைச்சலுக்கும் அழுகைக்கும் பொய்க்கும் பிறகு கையில் கிடைத்தது இதுதானா என்று மாஸ்டருக்கு இருந்தது. மேசையைக் குத்த வேண்டும்போல இருந்தது. குத்தவில்லை. டாக்டரம்மாவின் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம் இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்," என்றார் டாக்டரம்மா. "ஆராய்ச்சி முடிஞ்சுட்டதால, நீட்டி மடக்கினவங்க விருப்பப்பட்டா இனிமே சைக்கிள் அறைக்கு வரலாம். சார்தான் சொல்லணும்."

மாஸ்டர் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அப்படிக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

செக்கர் யோசித்தார். "இப்ப மிதிச்சா கணக்கு ஒண்ணும் கெடாதே?"

"கெடாது சார்."

"பேங்க்காரர் வராரா?"

"வரேன்னு சொல்லியிருக்கார்."

"அப்ப சரி," என்றார் செக்கர். பிறகு மனைவி பக்கம் திரும்பி, விரலை நீட்டி, "இது நானே சொன்னது. நல்லா ஞாபகம் வெச்சுக்க," என்றார்.

திங்கட்கிழமை காலை சைக்கிள் அறையின் கதவுக் கண்ணாடி வழியாக மாஸ்டர் பார்த்தாள். செக்கரும் பேங்க்காரரும் பக்கத்துப் பக்கத்து சைக்கிளில் உட்கார்ந்திருந்தார்கள். பேங்க்காரர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். செக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருவர் காலும் சுத்தமாக நின்றுபோயிருந்தது.

மாஸ்டர் கண்ணாடியைத் தட்டினாள். "கால்! கால் நிக்கக் கூடாது!"

உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. பயிற்சிப் பெண்ணுக்கு மட்டும் கேட்டது. அவள் கதவருகே வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கமாக இருந்த திரையை மெல்ல இழுத்து மூடினாள்.